கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க

ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அட்ஜஸ்ட்காரர் என்ற உயிரினம் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று சொல்லும் கணக்கு இது. விடுமுறை நாட்களில் கூடும்.

அவரை அடையாளம் காண்பது எளிது. இருவர் உட்காரும் பஸ் இருக்கையில் மூன்றாமவராக நுழைந்து, காலை அகட்டி, பையை மடியில் பரப்பி, ஜன்னலோரத்தில் இருப்பவர் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்ட பிறகும் "இன்னும் கொஞ்சம்" என்பாரே, அவரேதான். அங்கே அந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'நகரு' என்று பொருள். ஆபீசில் தனக்குக் கீழே இருப்பவரிடம் சொன்னால், 'உன் லீவு போச்சு'. குழாய் ஒழுகுகிறது என்று வந்து நிற்கும் குடித்தனக்காரரிடம், 'வாளி வை'. யாராவது அதை அவரிடமே திருப்பிச் சொன்னால்? கெட்ட வார்த்தை.

அவருடைய தங்கை நர்ஸ். இரவு டியூட்டி. பகலில் தூங்கினால்தான் உண்டு. போன வாரம் அண்ணனின் சிநேகிதர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். தங்கையின் அறை அவர்களுக்குப் போனது.

"ஒரு வாரம்தானே, ஹால்ல படுத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

ஹாலில் டிவி, பக்கத்தில் மிக்சி, தலைமாட்டில் சிநேகிதரின் பிள்ளைகள் ஓட்டும் பொம்மைக் கார். மூன்றாம் நாள் காலை தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒருத்தருக்குப் போட வேண்டிய ஊசிய அடுத்த பெட்டுக்குக் கொண்டு போயிட்டேன். கண்ணு சொருகுது. கூட இருந்த அக்கா கையப் பிடிச்சதால தப்பிச்சேன்."

"பிடிச்சுட்டாங்கல்ல? அப்புறம் என்ன! ஒருத்தருக்கொருத்தர் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறதுன்னா இதுதான்."

"பகல்ல உங்க ரூம் சும்மாதானே கிடக்கு? நான் அங்க தூங்கிக்கிறேனே."

"என் ரூமா? என் தலகாணில வேற யாராவது படுத்தா எனக்குத் தூக்கம் வராதும்மா."

கூச்சமா? மருந்துக்கும் இல்லை. பேப்பரை விரித்துக்கொண்டார்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வருவது யார்? ஒவ்வொரு தடவையும் அதே ஆள்தானா? "அவளுக்கு அதெல்லாம் பழக்கம்" என்று உங்கள் நாக்கு நுனிக்கு வருகிறதா? வாருங்கள், உட்காருங்கள். உங்கள் இனத்தார் இங்கே நிறையப் பேர்.

தங்கைக்கு ஆஸ்பத்திரி விடுதியில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை போகிறாள்.