மலையைப் படிக்க ஆள் எடுத்த கதை

எல்லாத் தகுதியும் உள்ள ஒரே ஆள், தேர்வு அறையில் வாய் திறந்து பேசிய குற்றத்துக்காக வெளியே அனுப்பப்பட்டார்.

மலையை அளந்துபோன நிபுணர்கள் அறிக்கையைச் சீன மொழியில் அனுப்பியிருந்தார்கள். செலவை ஏற்ற நிறுவனமோ பிரெஞ்சில் வராத காகிதத்தைத் தொடாது. ஆக, அதை மொழிபெயர்க்கச் சீனமும் பிரெஞ்சும் தெரிந்து, புவியியலையும் கரைத்துக் குடித்த ஆள் தேவை. நாலு மாதத் தேடலில் சீனம் தெரிந்தவர் ஒருவர், பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவர், புவியியல் வாத்தியார் ஒருவர் என்று மூன்று பேர் சிக்கினார்கள். மூவரையும் கூட்டினால் தகுதி சரியாக வருகிறது என்றார் அலுவலக மேலாளர். ஆனால் நாற்காலி ஒன்றுதான்.

அப்புறம்தான் அந்த அம்மா வந்தார். சீனத்தில் கேள்வித்தாள் எழுத ஆளில்லாததால், அறிக்கையின் முதல் பக்கத்தையே நீட்டினார்கள். படித்தவர் எழுந்துவிட்டார்.

"சார், மூணு நாள் விடாம மழை பெஞ்சா மலை சரியும்னு போட்டிருக்கு. இன்னைக்கு மூணாவது நாள்!"

"பேசக்கூடாது. பிரெஞ்சுல எழுதுங்க."

"அடிவாரத்துல ஆளுங்க இருக்காங்க சார்!"

"அது விடைத்தாள்ல வரட்டும்மா."

அம்மாவை வெளியே அனுப்பியதும் மேலாளர், அறையில் கூட இருந்த கிளார்க்கைப் பார்த்தார். "கேள்வித்தாள் ரகசியம்யா. மூச்சு விடக்கூடாது."

கிளார்க்கின் அக்கா வீடு அடிவாரத்தில்தான். குடையைக்கூட எடுக்காமல் ஓடினான்.

"யாருடா சொன்னா?" என்றாள் அக்கா, இடுப்பில் குழந்தையோடு.

"தேர்வுக்கு வந்த அம்மா."

"பாஸா?"

"வெளிய அனுப்பிட்டாங்க."

மாமா சிரித்தார். "பெயிலான ஆள் பேச்சக் கேட்டு வீட்ட விட்டுப் போகணுமா மாப்ளே? முத்திரை குத்தின காகிதம் இருக்கா?"

வாசலில் கூடிய தெருவே தலையாட்டியது. முத்திரை இல்லாமல் மலை எப்படிச் சரியும்?

கிளார்க் சுவரைப் பார்த்தான். புது டிவி, திரைமேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான், தோளில் ஏற்றினான், ஓடினான்.

"ஐயோ, டிவிடா!"

அக்கா குழந்தையோடு ஓடினாள். மாமா டிவிக்குக் குடை பிடித்தபடி ஓடினார். திருடனைப் பிடிக்கத் தெரு முழுக்க ஓடியது. ஊன்றுகோல் பெரியவர்கூட வீட்டில் தங்கவில்லை.

பஸ் நிலையம் வரும்போது பின்னால் ஏதோ பெரிதாகச் சரிந்த சத்தம். ஒருத்தரும் திரும்பவில்லை. எல்லார் கண்ணும் டிவி மேல்.

"மரியாதையா கீழ வைடா!" என்று கத்தினாள் அக்கா.

அவன் வைக்கவில்லை.