அஞ்சாம் தேதித் திருடன்

சிவசங்கரியின் போன் டொய்ங் என்றபோது ராஜ்மோகன் வாயில் பாதி முறுக்கு இருந்தது, மீதி கையில். எதிரே சுவரை அடைத்துக்கொண்டிருந்த புது டி.வி.யில் ஒரு யானைக்குட்டி, ஏறக்குறைய அசல் அளவிலேயே, ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தது.

"என்னாங்க, நம்ம அக்கவுண்ட்லேந்து நாலாயிரம் போயிருக்குது. நீங்க எடுத்தீங்களா?"

"நானா? எப்ப?"

"இப்பதான். மெசேஜ் வந்திருக்குது."

"இப்ப நான் முறுக்குதானே தின்னுக்கிட்டு இருக்கேன்."

அது உண்மை. அன்று அவன் சொன்ன கடைசி உண்மையும் அதுதான்.

அந்த டி.வி., அவன் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியின் ஆயுத பூஜைக் குலுக்கலில் முதல் பரிசாக விழுந்தது என்பதுதான் வீட்டில் உள்ள வரலாறு. உண்மையில் கம்பெனி அந்த வருஷம் ஆளுக்கு அரைக் கிலோ மிக்சரும் ஒரு எவர்சில்வர் தூக்கும் கொடுத்தது. குலுக்கல் என்று எதையும் யாரும் குலுக்கவில்லை. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண், அவனை மூன்று முறை 'சார்' என்று கூப்பிட்டுக் கிரெடிட் கார்டு ஒன்றைக் கொடுத்திருந்தாள். அதைத் தேய்த்து, ஆறு தவணையில் வாங்கியது அந்த யானை.

பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. "இந்த வூட்டுக்குள்ள கடன்ல ஒரு கரண்டி வந்தாக்கூட, நான் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பொட்டியக் கட்டிடுவேன்" என்று கல்யாணமான புதிதிலேயே சிவசங்கரி சொல்லியிருந்தாள். அது அவள் அம்மா வீடு. அவள் சொன்னால் செய்வாள். போன தடவை ஒரு சைக்கிள் பம்புக்காகவே நாலு நாள் போய் இருந்துவிட்டு வந்தவள்.

ஆனால் தவணை எப்படி இந்த அக்கவுண்டுக்கு வந்தது என்பதுதான் ராஜ்மோகனுக்குப் புரியவில்லை. அது இரண்டு பேருக்கும் சேர்ந்த அக்கவுண்டு. அவன் சம்பளத்தில் வீட்டுப் பங்கும், அவள் பிளவுஸ் தைத்துச் சேர்க்கும் காசும் அதில்தான் கிடக்கும்.

"யாரு எடுத்திருப்பா?" என்றாள் சிவசங்கரி.

"ஆன்லைன் திருடனுங்க. வடக்க எங்கியாவது உக்காந்துக்கிட்டு எடுப்பானுங்க. பேப்பர்ல தெனம் போடுறான்ல."

"அப்ப போலீசுக்குப் போவலாம்."

ராஜ்மோகன் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தான். "போலீசெல்லாம் வேணாம் சங்கரி. அலைய வுடுவாங்க."

சிவசங்கரி அந்த மெசேஜை இன்னொரு தரம் கடைசி வரை படித்தாள். பிறகு எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"சரி. போலீசு வேணாம். நாளைக்குக் காலையில கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிடுறேன்."

ராஜ்மோகனுக்குப் போலீசே தேவலை என்று தோன்றியது. மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில், இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார் என்று எழுதி முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டால், பிறகு அது சாமியின் கேஸ். ஜாமீன் கிடையாது. வாய்தா கிடையாது.

மறுநாள் அவள் கோயிலுக்குப் போய் வந்தபோது, பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளும் கூடவே வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். சாமி பேரையே வைத்திருப்பதால், அந்தக் கோயில் விஷயத்தில் அவள் சொல்வதுதான் தெருவில் கடைசிப் பேச்சு.

"தம்பி, எங்க சின்ன மாமியாருக்குக் கோழி களவு போச்சு. பிராது கட்டுனாங்க. ஒரு மாசத்துல கோழி தானா நடந்து வந்துச்சு. ஒத்தையா போன கோழி, ஏழு குஞ்சோட வந்துச்சு. சாமி வட்டியோட வாங்கிக் குடுத்தாரு."

"எடுத்தவனுக்கு என்னாச்சுக்கா?"

"வாய் கோணிக்கிச்சு."

ராஜ்மோகன் சும்மா தடவுவது போல வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"செலவு எவ்வளவு ஆச்சு?" என்று பேச்சை மாற்றினான். எதிராளி இருக்கும் இடத்துக்குச் சாமி போய் வரும் தூரத்துக்கு ஏற்ப அங்கே படிக்காசு கட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தான்.

"ரொம்பக் கம்மிதாங்க. பஸ்ஸு டிக்கெட்ட விடக் கம்மி" என்றாள் சிவசங்கரி.

"டெல்லி வரைக்கும் போவணுமே சாமி, அதுக்கு எப்படிக் கம்மி?"

"அதெல்லாம் சாமி பாத்துக்கும். நீங்க சாப்புடுங்க, சோறு ஆறுது."

கம்பெனியில் காஸ்பரிடம் சொன்னான். இரண்டு பேரும் ஒரே சூளையைப் பார்ப்பவர்கள். காஸ்பர் அகர்பத்தி ஸ்டாண்டாக விற்கும் பீங்கான் யானைகளை அடுக்கிக்கொண்டே கேட்டான்.

"யோவ் மோகனு, கார்டு குடுத்த பொண்ணுகிட்ட எந்த அக்கவுண்டு செக்கைக் குடுத்த?"

"கையில இருந்தது அந்த அக்கவுண்டு செக் புக்குதான். ஆனா அந்தப் பொண்ணே குறுக்கால கோடு போட்டுக் 'கேன்சல்'னு எழுதச் சொல்லிச்சு. எழுதித்தான் குடுத்தேன். கேன்சல் பண்ண செக்குல எப்படிக் காசு எடுப்பாங்க?"

காஸ்பர் கையிலிருந்த யானையைக் கீழே வைத்தான். உடைந்துவிடும் என்று பயந்திருக்க வேண்டும், அவ்வளவு சிரிப்பு.

"அடப்பாவி, அக்கவுண்டு நம்பருக்குத்தான்யா அந்தச் செக்கு. இனிமே மாசா மாசம் அஞ்சாம் தேதி அவனே எடுத்துக்குவான். உன்னக் கேக்கமாட்டான், உன் பொண்டாட்டியையும் கேக்கமாட்டான்."

"பிராது கட்டிட்டாளே, இப்ப என்னா பண்றது?"

"எங்க அந்தோணியாரா இருந்தா, தொலைஞ்சதக் கண்டுபுடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுவாரு. எடுத்தவன் யாருன்னு கேக்கமாட்டாரு. உங்க சாமி ஆளையில்ல தேடுது. ஒண்ணு செய். நாலாயிரத்த அதே அக்கவுண்டுல போட்டுடு. பொருள் வந்துட்டா கேசு முடிஞ்சுது."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. கைச்செலவுக்கு ஒதுக்கியிருந்த காசைத் திரட்டிக்கொண்டு போய், பேங்க் மிஷினில் போட்டான் ராஜ்மோகன். மிஷின் ஒரு நோட்டை மூன்று முறை துப்பியது. அதையும் சாமி குத்தமாகத்தான் எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தால் தெருவே வாசலில் நின்றது.

"வந்துருச்சுங்க" என்றாள் சிவசங்கரி. "எடுத்த காசை அப்படியே போட்டுட்டான். சாமி அவன் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து போட வெச்சிருக்குது."

"அப்பாடா. அப்ப நாளைக்கே போயி வாபஸ் வாங்கிடு. காரியம் முடிஞ்சதும் வாங்கிடணும், இல்லன்னா நமக்குத்தான் ஆவாது."

"முடிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது? ருசி கண்டவன் திரும்ப வருவான். அதான் முன்ஜாக்கிரதையா அக்கவுண்ட்ல இருந்த எல்லாத்தையும் எடுத்துட்டேன். இருந்தாதானே எடுப்பான்."

அடுத்த அஞ்சாம் தேதி பேங்க் தவணையை எடுக்க வந்தது, காலி அக்கவுண்டைப் பார்த்தது. பணம் இல்லாததற்குப் பேங்க் ஒரு அபராதம் போட்டது. தவணை வராததற்குக் கார்டுக்காரன் ஒரு அபராதம் போட்டான்.

"பாத்தீங்களா" என்று போனைக் காட்டினாள் சிவசங்கரி. "திருட வந்து ஏமாந்து போன ஆத்திரத்துல, நமக்கு ஃபைன் போட்டுட்டுப் போயிருக்கான். என்னா திமிரு பாருங்க."

ராஜ்மோகன் கொல்லைப்புறம் போய், குரலைத் தாழ்த்திக் கார்டுக் கம்பெனிக்குப் போன் செய்தான். நெடுநேரம் பாட்டு கேட்டபிறகு ஒரு இளைஞன் வந்தான்.

"சொல்லுங்க சார், உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"தம்பி, அந்த ஆட்டோ டெபிட்ட நிறுத்தணும்."

"அது உங்க வசதிக்காகத்தான் சார். நீங்க மறந்தாலும் அது மறக்காது."

"அதான் தம்பி பிரச்சினை. கொஞ்சம் மறக்கச் சொல்லுங்க."

"அதுக்கு நீங்க பேங்குக்குத்தான் போகணும் சார். இந்த மாசத் தவணையை இப்பவே போன்லயே கட்டிட்டீங்கன்னா, மேல அபராதம் வராது."

காஸ்பரிடம் கடன் வாங்கிப் போனிலேயே கட்டினான். கட்டி முடித்து, நிம்மதியாக ஒரு டீ குடித்தான். டீ கிளாஸைக் கீழே வைப்பதற்குள் சிவசங்கரி போனில் வந்தாள்.

"மறுபடியும் எடுத்துட்டான்ங்க. மேலத் தெரு வாத்தியாரம்மா, பொண்ணு கல்யாணத்துக்குத் தச்ச பிளவுஸ் காசை மொத்தமா இப்பதான் போட்டாங்க. ஈ மாதிரி வந்து உக்காந்துட்டான்."

ஒருமுறை தவறினால் பேங்க் இரண்டாம் முறை எடுக்க வரும் என்பதை அந்த இளைஞன் சொல்லவில்லை. திரும்பக் கூப்பிட்டதற்கு, "கூடுதலா கட்டுனது கடைசித் தவணையில கழிஞ்சிடும் சார், கவலையே படாதீங்க" என்றான். சாமி கடைசித் தவணை வரை காத்திருக்குமா என்று ராஜ்மோகன் கேட்கவில்லை. அதற்கு அமுக்க எந்த நம்பரும் இல்லை.

எடுத்ததைத் திரும்ப மிஷினில் போட்டான். ஆக, ஒரு தவணைக்கு மூன்று முறை பணம் கட்டிய ஒரே மனிதன் அந்த ஊரில் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

சாயங்காலம் சிவசங்கரி திருநீறு பூசிவிட்டாள்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்தேங்க. அசலை மட்டும் போடுறான், நம்ம மன உளைச்சலுக்கு யாரு பதில் சொல்றது? கொளஞ்சியக்கா கோழி கதை ஞாபகம் இருக்குதுல்ல. மேல ஐநூறு சேத்துப் போடணும்னு சாமிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

அடுத்த முறை மிஷினில் நாலாயிரத்து ஐநூறு போட்டான். போடாமலிருக்கத் துணிவில்லை. அன்று காலையில்தான் சூளையைத் திறந்தபோது யானைகளில் பாதிக்கு வாய் கோணியிருந்தது. "ஈரம் காயாம உள்ள வெச்சா கோணத்தான்யா செய்யும்" என்று காஸ்பர் எவ்வளவோ சொன்னான். ராஜ்மோகன் பாத்ரூம் கண்ணாடியில் வெகுநேரம் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி முயற்சியாகப் பேங்குக்கே போனான். ஆட்டோ டெபிட்டை நிறுத்த வேண்டும் என்றான். அங்கிருந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இது ஜாயின்ட் அக்கவுண்டு சார். எங்க பிராஞ்சுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். உங்க வூட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அஞ்சு நிமிச வேலை."

"என்னா விஷயம்னு அவங்ககிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்லாம எப்படி சார் கையெழுத்து வாங்குறது?"

ராஜ்மோகன் நன்றி சொல்லிவிட்டு, பேனாவைக் கட்டிவைத்த கயிற்றைச் சற்றுநேரம் தடவிவிட்டு வந்தான்.

அதன்பிறகு அவனே ஒரு ஆட்டோ டெபிட்டாக மாறிப்போனான். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்த்தான். டீயை நிறுத்தினான். பஸ்ஸை விட்டு நடந்தான். மங்கலம்பேட்டை பிரியாணியின் வாசனையைக் கூட அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போய்த் தவிர்த்தான். அஞ்சாம் தேதி காலையில் பேங்க் எடுக்கும், சாயங்காலம் திருடன் போடுவான். மழை பெய்தாலும் போடுவான். பொங்கல் மாதத்தில் காய்ச்சலோடு மப்ளர் கட்டிக்கொண்டு போய்ப் போட்டான்.

"எவ்வளவு நாணயமான திருடன் பாருங்க" என்று டி.வி. பார்த்தபடி சொன்னாள் சிவசங்கரி. "சொந்தத் தம்பிகூட இப்படித் தவறாம அனுப்பமாட்டான்."

"பாவம் சங்கரி, அவனுக்கும் புள்ள குட்டி இருக்கும். வாபஸ் வாங்கிடேன்."

"சித்திரை பொறக்கட்டும். அப்பறம் பாக்கலாம்."

அவன் கடைசித் தவணையும் சித்திரைக்கு முன்னால்தான் முடிகிறது. சாமியின் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்று நினைத்து அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஆனால் மாசி மாதம் வந்ததும் அவனால் முடியவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. காஸ்பர் கடனைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேராக மணவாளநல்லூருக்குப் போனான். வேல்களில் நூற்றுக்கணக்கில் பிராதுகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று தன்னைத் தேடிக்கொண்டிருப்பது என்று நினைத்ததும் அந்தப் பக்கம் பார்க்காமல், சீட்டு கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் போனான்.

"ஐயா, எங்க வூட்டுல ஒரு பிராது கட்டியிருக்காங்க. வாபஸ் வாங்கணும். அவங்களுக்குத் தையல் வேலை, வர முடியல. அதான் நான் வந்தேன்."

"என்னா பிராது?"

"பேங்குல காசு எடுத்துட்டானுங்க ஐயா. வடக்கத்தித் திருடனுங்க. எல்லாம் திரும்பி வந்துடுச்சு. திருடன் ரொம்ப நல்லவன். மன்னிச்சு வுட்டுடலாம்னு."

"கட்டுனவங்க பேரு?"

"சிவசங்கரிங்க."

பெரியவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஓ, மேல ஐநூறு கேட்டாங்களே, அந்தப் பாப்பாவா? நல்லா ஞாபகம் இருக்குது. நீங்க அவங்களுக்கு என்னா வேணும்?"

"வூட்டுக்காரருங்க. ராஜ்மோகன்."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அவனை உச்சி முதல் பாதம் வரை பொறுமையாகப் பார்த்தார்.

"எதிராளியே வந்து வாபஸ் வாங்க முடியாதுங்க தம்பி. டி.வி. தவணை முடிஞ்சதும் அந்தப் பாப்பாவே வரேன்னு மொத நாளே சொல்லிட்டுத்தான் போச்சு."