பாவுக்கு அடியில் போன அம்பாசடர்

காஞ்சிபுரம்,
வைகாசி, 1969.

அன்புள்ள தம்பி கோதண்டபாணிக்கு,

உன் மூத்த சகோதரி தேவகி ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் சௌக்கியம் என்று தொடங்குவது முறை. அனைவரும் சௌக்கியமே, நாங்கள் வாடகைக்கு எடுத்த அம்பாசடர் காரைத் தவிர. அது கஞ்சி போட்ட வேட்டியைப்போல் விறைத்துப்போய்ச் சத்திரத்து வாசலில் நிற்கிறது. விடுப்புக் கிடைக்கவில்லை என்று நீ நாகபுரியிலேயே தங்கிக்கொண்டு, உன் மனைவி அலமுவையும் இரண்டு பெண்களையும் மாமியார் செல்லியம்மாளையும் கோடை விடுமுறைக்கு என்னிடம் ஒப்படைத்தபோது, முன்பின் தெரியாதவர்களோடு எந்தச் சகவாசமும் வேண்டாம் என்று ஒரே ஓர் எச்சரிக்கை விடுத்தாய். காஞ்சிபுரம் எல்லையைத் தொடும்வரை அதை நாங்கள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தோம்.

இந்தப் பயணமே உன் மாமியாருக்காகத்தான் என்பது உனக்குத் தெரியும். பக்கத்திலிருக்கும் மாகறலில் பிறந்தவர், வரதராஜப் பெருமாளின் கருட சேவையை ஒருமுறைகூடக் கண்டதில்லையாம். ஒவ்வொரு வைகாசியிலும் அவர் வீட்டில் யாராவது பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்களாம். இப்போது முழங்கால்கள் இரண்டும் ஓய்வு பெற்றுவிட்டன. பத்தடி நடக்க இயலாது. இன்னொரு முறை நாகபுரியிலிருந்து ரயிலேறி வருவது நடவாத காரியம் என்று அவருக்கே தெரிந்திருந்ததால், பெருமாளைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை என்று விரதம் பூண்டு, வாலாஜாபாத்தில் உறவினர் வீட்டிலிருந்து இருட்டோடு புறப்பட வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார். அலமு ஒரு தெருவுக்கே போதுமான புளியோதரை கட்டி முடித்ததில் நன்றாக விடிந்துவிட்டது. ஊருக்குள் நுழைந்தால் பெரிய சாலைகளிலெல்லாம் போலீஸார் வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தனர். நம் டிரைவர் தாவீது, "டீச்சரம்மா, கவலையே படாதீங்க, இந்த ஊரு சந்துபொந்தெல்லாம் நமக்கு அத்துப்படி" என்று சொல்லி, பட்டு நெசவாளர் தெரு ஒன்றில் காரைத் திருப்பினான். அத்துடன் எங்கள் சுதந்திரம் முடிந்தது.

புடவையின் நீளவாட்டு இழைகளுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுமுன் அதைக் காலை வேளையில் தெரு நெடுகக் கவைக்கால் என்னும் கவட்டைக் கொம்புகள்மீது இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் விட்டு, இழையோடு இழை ஒட்டாதபடி நீவி உலர்த்துவார்கள். அது உலரும்வரை அந்தத் தெருவில் வண்டி ஓடாது. சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம். காரின் மூக்குக்கு நேரே அப்படியொரு பாவு, அரக்கு நிறத்தில், ஈரம் சொட்டச்சொட்ட. தாவீது பின்னால் எடுக்கலாம் என்று திரும்பிப் பார்ப்பதற்குள், பின்னாலிருந்த வீட்டார் தங்கள் பாவை இழுத்துக் கட்டிவிட்டார்கள். முன்னே ஒரு கல்யாணப் புடவை, பின்னே ஒரு கல்யாணப் புடவை, நடுவே நாங்கள்!

நான் இறங்கி, பாவுக்குச் சொந்தக்காரரான வேலாயுதம் என்பவரிடம், பொதுச் சாலையின் இலக்கணம், குடிமக்களின் உரிமை, காவல்துறையின் கடமை ஆகிய மூன்றையும் பற்றி, முப்பது வருஷம் கல்லூரியில் பேசிய குரலில் விளக்கினேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்ற அந்த மனிதர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

"நல்லா பேசறீங்க பெரிம்மா. தெருவு சர்க்காருதுதான், யாரு இல்லேன்னது? வெயில் ஏறட்டும், சர்க்காரு எடுத்துக்கட்டும். அதுக்கு மின்ன எங்குது."

"பாவைச் சற்றே உயர்த்திப் பிடித்தால் கார் அடியில் போய்விடுமே?"

"தூக்கறதா! ஈரப் பாவும்மா. அசைஞ்சா இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், இல்லாட்டி அறுந்துக்கும். ஆவணியில ஒரு பொண்ணு கட்டிக்கப்போற பொடவ இது. போன வருசம் பெரிய ஆபீசரு ஒருத்தரு ஜீப்பே இங்க நின்னுக்கினு இருந்தது. அவரும் டீ குடிச்சிட்டு சும்மா குந்திக்கினு இருந்தாரு."

தெருவே சிரித்தது. தாவீதுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஐயா, நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். பெருமாளைப் பாக்கறதுக்கு நானே இம்மாம் அவசரப்படறேன், ஒங்களுக்கு அவசரம் இல்லியா?"

"நாங்க சிவனைக் கும்புடறவங்க தம்பி. எங்க சாமிக்கு அவசரம் கெடையாது."

இதற்கிடையில் ஒழுக்கமெல்லாம் தளர்ந்துபோயிற்று. யாரோ காப்பி கொடுத்தார்கள். அலமு வாங்கிக் குடித்தாள். புளியோதரைத் தூக்கு ஒவ்வொரு வீடாகப் போய் வெறுமையாகத் திரும்பி, மறுபடி போய் இட்டிலியோடு வந்தது. அரைமணிக்குள் உன் பெண்கள் இருவரும் எந்த வீட்டு அடுக்களையில் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை. உன் மாமியார் மட்டும் பின் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் மேளச் சத்தம் எழுந்தது.

"தேவகிம்மா, மேளம் கேக்குதே. அவரு வந்துட்டாரு. இம்மாம் தூரம் வந்து, ரெண்டு தெருவு தள்ளி குந்திக்கினு இருக்கேனே நானு!"

வேலாயுதத்தின் மனைவி வடிவாம்பாள் மோரோடு வந்து, கார் ஜன்னலுக்குள் தலையை நுழைத்து, வெகுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உன் மாமியார் மோரை மறுத்தார்; பேச்சை மறுக்கவில்லை. அவள் தலையை வெளியே எடுத்ததும் இவர் தலை சாய்ந்தது. அப்படியே இருக்கையில் சரிந்துவிட்டார்! அலமு அலறினாள். நான் முகத்தில் தண்ணீர் தெளித்தேன், கண் திறக்கவில்லை. வடிவாம்பாள் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்:

"ஐயோ, ஆயா மயக்கமாயிட்டுது! ஆஸ்பத்திரிக்குப் போவணும்! ஏம்பா, உசுரு போவுது, இன்னும் நூலைப் பாத்துக்கினு நிக்கிறீங்களே!"

வேலாயுதம் ஜன்னல் வழியாக ஒருமுறை உள்ளே பார்த்தார். பாவை ஒருமுறை பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"தூக்குங்கடா!"

தம்பி, அதை நீ பார்த்திருக்க வேண்டும்! தறியில் இருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு வந்தார். குள்ளமானவர்கள் உரலைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றார்கள். இருபுறமும் வரிசையாக நின்று, ஒரே மூச்சில், அந்த ஈரப் பட்டைத் தலைக்குமேல் தூக்கினார்கள். புகை பட்டால் பட்டு கெட்டுவிடும் என்று எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள். காரின் கூரையிலிருந்த படுக்கைச் சுருட்டுகள் யார்யார் தலையிலோ ஏறின. நானும் அலமுவும் உன் பெண்களும் பின்னாலிருந்து தள்ளினோம். அறுபத்தாறு வயதில், முதுகலைப் பட்டத்தோடு, காலில் செருப்பில்லாமல் ஓர் அம்பாசடரைத் தள்ளினேன்! "மெதுவாமா, மெதுவா! ஏய், அந்தப் பக்கம் எறங்குது, ஒசத்து!" என்று வேலாயுதம் கத்திக்கொண்டே உடன் நடந்தார். மேலே சூரியனை மறைத்துக்கொண்டு அரக்கு நிறத்தில் ஒரு கூரை. அதிலிருந்து கஞ்சி சொட்டி, காரும் நாங்களும் நனைந்தோம். மறுமுனையில் கார் வெளியே வந்ததும் தெருவே ஆரவாரித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஆரவாரித்தேன்.

வழிகாட்ட வடிவாம்பாள் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். அவள் சொன்ன திருப்பங்களில் திரும்பினோம், ஆஸ்பத்திரி வரவில்லை. கருடன் வந்தார். வெண்குடைகளும் வாத்தியமும் கடலாக ஜனமும் சூழ, தங்கச் சிறகு விரித்து எதிரிலேயே வந்தார். உன் மாமியார் கண்ணைத் திறந்தார். கைகளைத் தலைக்குமேல் குவித்து, "வந்துட்டியாப்பா?" என்று கேட்டார். அவ்வளவுதான். பிறகு மோர் வேண்டும் என்றார்.

இதை அற்புதம் என்று அலமு உனக்கு எழுதக்கூடும். நம்பாதே. கார் நகர்ந்ததும் காற்றோட்டம் கிடைத்தது, மயக்கம் தெளிந்தது. ஆயினும் உன் பெண்கள் மனத்தில் பதிய வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நீ அஞ்சச் சொன்ன அந்நியர்கள், ஊர்பேர் தெரியாத ஒரு மூதாட்டிக்கு உயிராபத்து என்றதும், தங்கள் பிழைப்பையே தலைக்குமேல் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்கள். உன் எச்சரிக்கையை இனி அவர்களிடம் சொல்லாதே.

உனக்கு நீண்ட ஆயுளும், அடுத்த கோடையிலாவது விடுப்பும் கிடைக்கப் பிரார்த்திக்கும்,
உன் அக்கா,
தேவகி.

பி.கு. கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் உன் மாமியார் ஒரு விஷயம் சொன்னார், சிரித்துக்கொண்டே. அவர் மயங்கவில்லையாம். "மயக்கம் போட்ட மாதிரி சாஞ்சிக்கோ ஆயா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்று வடிவாம்பாள்தான் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொடுத்தாளாம். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. உடனே ஒரு ரிக்‌ஷா பிடித்து, உன் பெண்களையும் அழைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். வேலாயுதமும் பக்கத்து வீட்டார் சிலரும் உட்கார்ந்து, அறுந்துபோன இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள்.

"தெரியும் பெரிம்மா," என்றார் தலை நிமிராமலேயே. "மயக்கம் போட்டு சாயறவங்க முந்தானைய இழுத்து சொருவிக்குவாங்களா? தெருவே பாத்துச்சு."

"தெரிந்துமா தூக்கினீர்கள்?"

"பின்ன எப்டிம்மா தூக்கறது? ஆபீசருக்கே முடியாதுன்னவன், ஆயா சாமி பாக்கணும்னதும் தூக்கினா, நாளைக்கு வர்ற வண்டிக்கெல்லாம் தூக்கணும். உசுருன்னா யாரும் கேள்வி கேக்க முடியாது பாருங்க. குந்துங்க, காப்பி சாப்ட்டு போலாம்."

ஆகவே, மேலே எழுதியுள்ள பாடத்தை அடித்துவிடு. உயிராபத்து ஏதும் இருக்கவில்லை. அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் அலமுவுக்கும் தவிர. இதிலிருந்து என்ன பாடம் எழுதுவது என்று இரண்டு டம்ளர் காப்பி குடித்தும் எனக்குப் புலப்படவில்லை. உன் பெண்கள் அந்த வீட்டைவிட்டு வர மறுக்கிறார்கள். நாளை ஊருக்குக் கிளம்பச் சொன்னால், ரயிலடியில் மயங்கி விழப்போவதாக உன் மாமியார் சொல்கிறார். விழும்போது முந்தானையைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.