கோல்கீப்பர் போதும் என்றார்

மரியாதை தெரிந்தவன் கால்பந்து ஆடக்கூடாது. இதை எந்த மைதானத்திலும் எழுதி வைப்பதில்லை. வைத்திருந்தால் அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரி ஒரு நல்ல கோச்சை இழந்திருக்காது, நானும் மட்டாஞ்சேரி கடைத்தெருவில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்திருக்க மாட்டேன்.

அந்த வருடம் வர்கீஸ் சார் என்று ஒரு புது கோச் வந்தார். பட்டாளத்துக்காரர். அங்கே தமிழர்களோடு பழகியதில் ஒரு மாதிரித் தமிழும் பேசுவார். வந்த வேகத்தில் பழைய ஆட்டக்காரர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஊர் சுற்றி ஆள் பிடிக்கத் தொடங்கினார். வைப்பின் தீவுக்குப் போகும் படகு கிளம்பிய பிறகு படகுத்துறையிலிருந்து ஒருவன் தாவி ஏறுவதைப் பார்த்தார். நம் கல்லூரிப் பையன்தான் என்று தெரிந்ததும் அவனை கோல்கீப்பர் ஆக்கினார். பெயர் ஆண்டனி. அதுவரை அவன் பந்தைத் தொட்டதில்லை.

அடுத்தது நான். எங்கள் தமிழ்ப் பிராமணர்களின் சமூக மடத்தில் ஒரு விசேஷ சாப்பாடு. விருந்தினராக வந்த வர்கீஸ் சார் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியோடு இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறேன். ஈரத் தரை. ஒருவர் இலையையும் மிதிக்கவில்லை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. (ஆறு வயதிலிருந்து இதே வேலை, இதில் பெருமை என்ன வேண்டியிருக்கிறது?)

“எடா சாமி, நாளைக்கு கிரவுண்டுக்கு வா” என்றார்.

“சார், எனக்குக் கால்பந்து தெரியாதே.”

“உன் காலுக்குத் தெரியும். அது போதும்.”

வீட்டில் அம்மாவுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. “ஆளை இடிச்சுத் தள்ளற விளையாட்டாக்கும் அது. நம்மாத்துக் குழந்தைக்கு அதெல்லாம் வேணுமாடா?” என்றாள். எனக்கோ உள்ளுக்குள் தலைகால் புரியாத சந்தோஷம். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்பதற்குக்கூட என்னை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

சாரின் தாக்குதல் முறையும் அந்தப் பந்தியிலிருந்தே பிறந்தது. “ஊறுகாயைப் பார்த்து நிமிர்வதற்குள் பச்சடி வருது. பச்சடியைப் பார்ப்பதற்குள் பருப்பு. சாப்பிடறவனுக்கு மூச்சு விட சமயம் இல்லா. அதுபோல அஞ்சு ஃபார்வர்டும் ஒருத்தன் பின்னால் ஒருத்தன் போகணும்.” பயிற்சிக்கு வாழையிலைகளை மைதானத்தில் வரிசையாகப் போட்டு, நடுவே பந்தை உருட்டிக்கொண்டு ஓடச் சொன்னார். பயிற்சி முடிந்ததும் இலைகளைத் தின்ன ஒரு பசு காத்திருக்கும்.

கேப்டன் ஜோசிக்கு இது அடியோடு ஆகவில்லை. “இவர் கோச்சா, கல்யாண சமையல்காரரா?” என்று ஊரெல்லாம் கேட்டான். பிரின்சிபாலுக்கும் சந்தேகம் முற்றிவிட்டது. எர்ணாகுளத்துக் கல்லூரியோடு நடக்கும் முதல் ஆட்டத்தில் தோற்றால் வர்கீஸ் சார் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அது தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆட்டத்தன்று நல்ல மழை. மைதானம் முழுக்கச் சேறு. எதிர்க் கல்லூரிக்காரர்கள் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள், எங்கள் பந்தி மட்டும் ஜோராக நடந்தது. ஆனால் பந்து கம்பத்தில் பட்டது, மேலே போனது, வெளியே போனது, உள்ளே மட்டும் போகவில்லை. கடைசி நிமிடங்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஜோசி வேண்டா வெறுப்பாக என்னிடம் பந்தைத் தள்ளினான்.

ஓடினேன். ஒருவனைத் தாண்டினேன், இன்னொருவனைத் தாண்டினேன், மூன்றாமவன் தானே விழுந்தான். எதிரே கோல். கோல்கீப்பர் மட்டும்தான் இருக்கிறார்.

“அடிக்கெடா!” என்று வர்கீஸ் சார் அலறியது காதில் விழுந்தது.

அந்த கோல்கீப்பர் எல்லா கோல்கீப்பர்களும் செய்வதைத்தான் செய்தார். முழங்காலை மடக்கிக் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் எனக்கு முன்னால் விரித்துக் காட்டினார்.

பந்தியில் ஒருவர் குனிந்து இலைமேல் கையை விரித்தால் போதும் என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு சொட்டு விழுந்தாலும் மரியாதைக் குறைவு. அம்மா காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்த பாடம். என் மூளை எதையும் யோசிக்கவில்லை. கால் தானாக நின்றது, தானாகத் திரும்பியது, அடுத்த ஆளுக்குப் பரிமாறியது.

அடுத்த ஆள் அவர்களுடைய ஃபுல்பேக்.

அவன் ஒரு கணம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு ஓங்கி உதைத்தான். பந்து மைதானம் முழுவதையும் கடந்து எங்கள் பக்கம் போயிற்று. எங்கள் ஆண்டனியோ நான் கோல் போட்டுவிட்டேன் என்ற நம்பிக்கையில் என்னைத் தூக்க நடு மைதானம் வரை ஓடி வந்திருந்தான். திரும்பி ஓடித் தாவினான். வைப்பின் படகைப் பிடித்தவனுக்கு அந்தப் பந்து எட்டவில்லை, நேரே கோலுக்குள் போய் விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

மறுநாள் பிரின்சிபால் அறைக்கு வெளியே தூணோரம் நின்றேன். உள்ளே பேச்சு தெளிவாகக் கேட்டது. “அந்தப் பையனைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று ஒப்புக்கொள்ளுங்கள். பழைய ஆட்களைக் கூப்பிடுங்கள். நீங்கள் இருக்கலாம்.”

“செலக்‌ஷனில் தப்பு இல்லா சார்” என்றார் வர்கீஸ் சார்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் தூணோரமே நின்று அழுதேன். (ஜோசி கூட ஒரு சாயா வாங்கிக் கொடுத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சில வருடங்கள் கழித்துக் களமசேரியில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அந்தத் தொழிற்சாலை அணிக்கு கோச் யார் என்றால் வர்கீஸ் சார். என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரிக்குச் சாப்பிட அழைத்து வந்தேன். அம்மாதான் பரிமாறினாள். மனத்தில் கிடந்ததை அன்று கேட்டேவிட்டேன்.

“என்னை எடுத்தது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்காதே சார்?”

“எப்படிச் சொல்லும்? பந்தை கோல் வரைக்கும் கொண்டு போனது நீ ஒருத்தன்தான். அதுவரைக்கும் என் செலக்‌ஷன். அங்கே போய் விட்டுக் கொடுத்தது உன் அம்மா வளர்த்தது. அம்மாவை நான் செலக்ட் செய்தேனா?”

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவளோ மிகவும் கவலையாகக் கேட்டாள்: “வேண்டாம்னு கை காட்டினவாளுக்குப் போடறது மரியாதை இல்லையே சார். போனாப் போறது, அந்த அடுத்த ஆளாவது நன்னா சாப்ட்டானோ?”

“நல்லா சாப்பிட்டான் அம்மா” என்றார் வர்கீஸ் சார். “ஒரு கோல் முழுசா.”

பல வருடங்கள் கழித்து, எனக்கு வரவேண்டிய பிரமோஷன் பக்கத்து மேஜைக்காரருக்குப் போன அன்று, வீட்டில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா சொல்லி இந்தக் கதையெல்லாம் தெரிந்த என் மனைவி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சாயாவை நீட்டிவிட்டு ஒன்றுதான் கேட்டாள்:

“அடுத்த ஆளாவது நன்னா சாப்ட்டானோ?”