ஜானவாச ஜீப்புக்கு நாலு அங்குலம்

தெரியாத வேலையை நான் ஒருநாளும் சின்ன அளவில் செய்ததில்லை. தெரிந்த வேலை என்றால் அடக்க ஒடுக்கமாக இருப்பேன். தெரியாததில் கை வைக்கும்போதுதான் எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இருபத்து நாலு வயதில் அந்தத் தைரியம் உச்சத்தில் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் என் அக்கா கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஜீப்பின் முன்பக்க ஷாக் அப்சார்பர்களை மாற்றி, அவற்றை மாட்டும் பிராக்கெட்டுகளையும் உயர்த்தினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மல்லேஸ்வரத்தில் குடியிருந்தோம். எனக்கு ஒரு தொழிற்சாலையின் டிராயிங் பிரிவில் வேலை. கோடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் மேலதிகாரி தாளைச் சுருட்டி என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போவார். (அளவெடுப்பதுதான் என் பிழைப்பு என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.) பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, நாலைந்து கை மாறி வந்த ஜீப் ஒன்றை வாங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கனகபுரா பக்கம் கல்லும் குழியுமான பாதைகளில் நண்பர்களோடு ஓட்டப் போவேன். போகும்போது எல்லோரும் ஜீப்பில் உட்கார்ந்து போவோம். திரும்பும்போது பெரும்பாலும் தள்ளிக்கொண்டு வருவோம்.

உஷா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அப்பா ஒரு முழு வெள்ளைத்தாளில் யார் யாருக்கு என்ன வேலை என்று எழுதினார். சமையல், வாத்தியார், பூ, மேளம் எல்லாவற்றுக்கும் எதிரே வேறு யார் யாரோ பெயர். கடைசி வரியில் 'முரளி – ஜானவாசம்' என்றிருந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை மாப்பிள்ளையைக் கோயிலில் உட்காரவைத்து, பெண்ணின் தம்பி மாலை போட்டு, வண்டியில் மேளதாளத்தோடு மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும். நான் ஒரே தம்பி. என்னை விட்டால் அப்பாவுக்கு வேறு ஆள் இல்லை.

"வாடகைக் கார் எதுக்குப்பா? நம்ம ஜீப் இருக்கு. ஓப்பன் ஜீப்பில் மாப்பிள்ளை உக்காந்து வந்தா ஊரே பாக்கும்" என்றேன்.

"ஊர் பாக்கறது இருக்கட்டும். அவர் முழுசா வந்து சேரணும்" என்றார் அப்பா. ஆனாலும் சம்மதித்துவிட்டார்.

அன்றைக்கு அக்கா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். மாப்பிள்ளை சுந்தரம் திருச்சியில் கெமிஸ்ட்ரி லெக்சரர். பெண் பார்க்க வந்தபோது அவர் மொத்தமாகப் பேசியது மூன்று வாக்கியம். அதில் ஒன்று காபியைப் பற்றி, ஒன்று ரயிலைப் பற்றி, மூன்றாவது "அப்போ வரேன்."

"எனக்குப் பயமா இருக்குடா. பேசறவாளோட கோபம் எப்படின்னு தெரிஞ்சுடும். பேசாதவாளுக்குக் கோபம் வந்தா எப்படி வரும்னு யாருக்குத் தெரியும்? வழியெல்லாம் அவரைப் பாத்துண்டே வா. எப்படிப்பட்டவர்னு எனக்கு வந்து சொல்லு" என்றாள். எப்போதும் என் தலையில் குட்டிவிட்டுப் பேசுகிறவள், அன்று குட்டாமல் பேசினாள்.

அதனால்தான் ஜானவாசம் குலுங்காமல் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஜீப்பின் பழைய ஷாக்குகள் செத்துப் பல வருடம் ஆகியிருந்தன. சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் அலைந்து, பெரிய வேன் ஒன்றின் ஷாக்குகளைப் பிடித்து வந்தேன். தடிமனும் நீளமுமாகப் பார்க்கவே வீரமாக இருந்தன. நானே மாட்டினேன். குழியில் இறங்கினால், நீளம் அதிகமென்பதால் முழுவதும் உள்ளே அமுங்கிப்போய் 'டொக்' என்று முட்டின. அப்படியானால் மேலே மாட்டும் பிராக்கெட்டை உயர்த்த வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஆஸ்டின் டவுனில் பாபு என்று ஒரு மெக்கானிக் இருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். வியாழக்கிழமை மார்க்கெட்டில் கல்யாணச் சாமான்களை ஏற்றிக்கொண்டு நேராக அவர் ஷெட்டுக்குப் போனேன். பின்னால் இடமில்லாமல் இலைக்கட்டும் பூசணியும் அடைத்திருந்ததால், முன் சீட்டிலும் அதன் காலடியிலும் அரிசி மூட்டைகள். மண்டப வாசலில் கட்டுவதற்காகக் குலை தள்ளிய இரண்டு வாழை மரங்களைப் பானட்டின் மேல் படுக்கவைத்துக் கட்டியிருந்தேன். பம்பரில் தேங்காய் மூட்டை தொங்கியது.

பாபு பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றினார். "இன்னா சார் இது, வண்டியா தோப்பா? லோடெல்லாம் இறக்கு சார். அளவு எடுக்கலாம்."

இறக்க முடியாது. கிளம்பும்போதே அம்மா சொல்லியிருந்தாள்: "சுப காரியத்துக்கு வாங்கினது. நடுவில எங்கயும் தரையில வைக்கப்படாது. நேரா மண்டபத்துலதான் இறக்கணும்." அம்மா சொன்ன எதையும் அதுவரை நான் கேட்டதில்லை. அன்றைக்கென்று கேட்டேன்.

"இப்படியே அளந்துக்கலாம் பாபு."

"லோடு வண்டி ஒரு மாதிரி நிக்கும் சார், காலி வண்டி ஒரு மாதிரி நிக்கும். இப்போ முன்னாடி நல்லா குந்தினு இருக்குது பாரு. ரெண்டு இஞ்சு தூக்கினா போதும், மீதி லோடு இறக்கிட்டு பாப்போம்."

நான் பாக்கெட்டிலிருந்து ஆபீஸ் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தேன். வண்டிக்கு அடியில் படுத்து மூன்று தடவை அளந்தேன். ஷாக் பாதி நீட்டிய நிலையில் இருக்க வேண்டும், அதற்குச் சரியாக நாலு அங்குலம் உயர்த்த வேண்டும் என்று கணக்கு வந்தது. சிமென்ட் தரையில் சாக்பீஸால் படம்கூடப் போட்டுக் காட்டினேன். (படம் மிக நேர்த்தியாக இருந்தது. இன்றைக்கும் அதில் என்னால் குறை சொல்ல முடியவில்லை.)

பாபு படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாழைக்குலையைப் பார்த்தார். "சரி சார், படிச்சவங்க நீங்க" என்று சொல்லிவிட்டு வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் சாமான்களை இறக்கியதும் ஜீப்பின் மூக்கு மெல்ல மேலே எழும்பியது. கம்பீரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் ஆறு மணிக்கு முடிந்ததும் பிள்ளையார் கோயில் வாசலில் நான் மாலை போட, சூட்டும் கோட்டும் டையுமாகச் சுந்தரம் ஜீப்பின் பின்னால் பட்டுத்துணி விரித்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். அதுவரை எல்லாம் சரி. நான் மறந்தே போன விஷயம் ஒன்று உண்டு. ஜானவாச வண்டியில் மாப்பிள்ளை தனியாக வருவதில்லை. இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் ஏறிக்கொள்வார்கள். அது அவர்கள் உரிமை. நான் எண்ணுவதற்குள் பதினொரு பேர் பின்னால் ஏறி சுந்தரம் அத்திம்பேரைச் சுற்றி அடைந்துகொண்டார்கள்.

ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்தது. முன்பக்கம் எழுந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த எனக்கு மல்லேஸ்வரத்தின் வானமும், காஸ் விளக்குகளும், நாதஸ்வரக்காரரின் தலைப்பாகை நுனியும் மட்டும் தெரிந்தன. பின்னால் அத்திம்பேர் சாய்வு நாற்காலியில் படுத்த மாதிரி மேல் நோக்கியிருந்தார்.

ஏற்கெனவே நாலு அங்குலம் மேலே இழுத்து மாட்டிய ஷாக்குகள் இப்போது முழுசாக நீண்டுவிட்டன. இனி நீள ஒரு நூல்கூட இடமில்லை. சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் அவை விறைத்துப்போய் 'டங்' என்று இழுத்தன. மல்லேஸ்வரத்தில் அந்த வருடம் தெருத்தெருவாகக் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள்.

டங்.

முன்னால் போன தவில்காரர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு டங். அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி, நான் ஆதி தாளம் வாசிக்கிறேன். நடுவுல நீங்க ஒண்ணு போடறீங்க. எது வேணும்னு சொல்லிடுங்க" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பள்ளத்தை அவரே முன்கூட்டிப் பார்த்துவிட்டு, சரியாக அதன்மேல் வந்து விழும்படி ஒரு தீர்மானம் வைத்துத் தாளத்தை முடித்தார். கூட்டம் கை தட்டியது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மண்டபத்துக்கு நூறு அடி இருக்கும்போது ஒரு ஹம்ப். ஏறி இறங்கினேன். இந்தத் தடவை வந்தது டங் இல்லை. வெல்டிங் பிய்ந்துகொள்ளும் சத்தம். இடது பிராக்கெட் அடியோடு கழன்று, ஷாக்கின் மேல்முனை தொப்பென்று ரோட்டில் குத்தி நின்றது. ஜீப் ஒரு தடவை எம்பி, பதினொரு குழந்தைகளையும் மாப்பிள்ளையையும் தூக்கிப் போட்டுப் பிடித்துவிட்டு நின்றது.

மேளம் நின்றது. மண்டப வாசலில் அப்பா ஆரத்தித் தட்டுக்காரர்களோடு நின்றிருந்தார். முகம் தெரியும் தூரம்தான். மாடி ஜன்னலில் பட்டுப்புடவை ஒன்று அசைந்தது, அக்கா. ஷாக் போனது போகட்டும். அக்கா எதற்குப் பயந்தாளோ அந்தக் கோபத்தை, அவள் கண்ணெதிரிலேயே, ஊரைக் கூட்டி நான் வரவழைத்திருந்தேன்.

அத்திம்பேர் எழுந்து நின்றார். "சுந்தரம், நடுவில கீழ இறங்கப்படாதுடா" என்று பின்னால் நடந்து வந்த அவர் அம்மா சொன்னார். அவர் இறங்கினார். கோட்டைக் கழற்றி ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, வண்டியின் அடியில் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முரளி, இதுக்கு அளவு எப்போ எடுத்தே?"

"வியாழக்கிழமை, அத்திம்பேர்."

"வண்டி காலியா இருந்துதா?"

நான் அரிசி, வாழை மரம், தேங்காய், அம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தோள் குலுங்கியது. கோபம் இப்படித்தான் வருமோ என்று நான் ஒரு அடி பின்வாங்கினேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வர, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு கழுத்திலிருந்த சிவப்பு டையை உருவி, தொங்கிக்கொண்டிருந்த ஷாக்கைத் தூக்கிச் சேஸிஸோடு இறுக்கிக் கட்டினார். கையெல்லாம் கறுப்பு. எழுந்து குழந்தைகளிடம் சொன்னார்: "வெயிட்டெல்லாம் பின்னாடி இருக்கு. அதான் கஷ்டம். எல்லாரும் முன்னாடி வாங்கோ."

பதினொரு பேரில் பாதி பம்பரிலும் பாதி பானட்டிலும் ஏறினார்கள். நடுவில் அவர், மாலையைச் சரி செய்துகொண்டு, பானட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜீப்பின் மூக்கு அடக்கமாகக் கீழே இறங்கியது. வலது பக்க ஷாக்குக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. எனக்குத்தான் இப்போது வானம்கூடத் தெரியவில்லை, அத்திம்பேரின் முதுகு மட்டும்தான். "கொஞ்சம் இடது, முரளி. நேரா வா. மெதுவா" என்று அவர் முன்னால் பார்த்தபடி கையைக் காட்ட, நான் ஓட்டினேன். தவில்காரர் அன்று வாசித்ததிலேயே அந்த நூறு அடிதான் சிறந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

மாப்பிள்ளை டை இல்லாமல், கிரீஸ் கையோடு, பானட் மேல் வந்து இறங்கினார். கை கழுவ அப்பா சொம்பில் தண்ணீரும் துண்டும் கொண்டுவரச் சொன்னார். அவ்வளவுதான்.

நான் மாடிக்கு ஓடினேன். அக்கா ஜன்னலோரத்தில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அக்கா, அவர் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். பாத்துட்டேன்" என்று சொல்லி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கல்யாணத்தில் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். பெண் வீட்டார் ஜாக்கிரதையானவர்கள். டிரைவரோடு, பூ அலங்காரத்தோடு, புத்தம் புதிதாக ஒரு வாடகைக் கார் ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக் குழந்தைகள் யாரும் உள்ளே வரவில்லை. வரிசையாகப் போய்ப் பானட்டின் மேல் ஏறினார்கள். அத்தனை பேரும் ஒரு ஜானவாசம்தான் பார்த்திருந்தார்கள். அப்படித்தான் செய்வது என்று நினைத்திருக்கிறார்கள். இறங்கச் சொல்லி டிரைவர் "இளீரி, இளீரி" என்று அலறினார். அத்திம்பேர் வந்து கதவைத் திறந்து, "நீயும் முன்னாடி போய் உக்காரு முரளி, குழந்தைகள் காத்துண்டிருக்கா" என்றார்.

என் மாமனார் திகைத்துப்போய் அப்பாவிடம் கேட்டார்: "இது என்ன, மாப்பிள்ளை பானட்டு மேல ஏறறார்?"

அப்பா அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எங்காத்து சம்பிரதாயம்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாலு கல்யாணம் நடந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்து மண்டபத்துக்கு வந்த மாப்பிள்ளை இதுவரை ஒருவரும் இல்லை.