மூலையில் ஒரு தண்ணீர் பாட்டில்

"இந்த ஆட்டத்துல என்னைக்கு நான் தோக்குறேனோ, அன்னைக்கே பின்னறையைக் காலி பண்ணி உன் கையில குடுக்கிறேன். இது சத்தியம்!"

நான் சபதம் போட்ட வேகத்தில் மின்விசிறி ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் சுற்றியது. சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக் கண்டக்டர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும், எங்கள் வீட்டு நிலைப்படியில் அவர் நிற்பதைப் பார்த்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவர் மாதிரியே இருக்கும்.

என் மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தோத்தாதானே?"

"ஆமா. தோத்தாதான்."

"சரிங்க."

அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆட்டம் என்றால் என்ன ஆட்டம் என்பீர்கள். பேஸ்பால். மைதானத்தில் வேர்த்து விறுவிறுத்து ஆடுவதல்ல, கம்ப்யூட்டரில் ஆடுவது. மகன் வேலைக்கு வெளியூர் போனபோது, பழைய கம்ப்யூட்டரையும் அதற்குள் இந்த ஒரே விளையாட்டையும் விட்டுப் போனான். கல்யாணமான எவனுக்கும் இந்த ஆட்டம் சட்டென்று புரிந்துவிடும். கையில் உருட்டுக்கட்டை. எதிரே ஒருவன் பந்தை எறிவான். அடித்துவிட்டு, வீட்டிலிருந்து புறப்பட்டு மூன்று மூலையையும் தொட்டு, அடிபடாமல் வீட்டுக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். நான் முப்பத்தைந்து வருஷமாக ஆடுவதுதான்.

அதன் சிறப்புகளைச் சொல்கிறேன். பந்தின் தையல்கூடத் தெரியும். சறுக்கி விழுந்தவன் கால்சட்டையில் மண் ஒட்டும். அடுத்த சுற்றிலும் அந்த மண் அப்படியே இருக்கும். கூட்டம் கத்துகிற கத்தலில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். திரையின் மூலையில் ஆட்டக்காரர்கள் குடிப்பதற்கு ஒரு பாட்டில்கூட வரைந்து வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்! செய்தவன் மனுஷன்.

குறைகள்? உண்டு. எதிரணிக்காரன் பந்து எறிகிற அழகைப் பார்த்தால், கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி இருக்கும். நான் அடித்த பந்து தலைக்கு மேலே வரும். கீழே நிற்பவன் வானத்தில் நிலாவைத் தேடுவான். ஒருவன் பிடித்த பந்தைத் தன் ஆளிடம் எறியாமல் என் ஆளிடமே எறிந்தான். வர்ணனை செய்கிறவனுக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்: "அபாரம்! அபாரம்!" அதையும் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எல்லாரும் ஏன் அண்ணே இப்படித் தடுமாறுறானுங்க?" என்றார் கண்டக்டர்.

"பயம். மெஷினுக்கும் ஆளைத் தெரியும். ரேடியோ ரிப்பேர்க் கடை வெச்சிருந்தவன் நான். என் விரல் பட்டாலே அதுக்கு உள்ளே நடுங்கும்."

ஆரம்பத்தில் ஒரு வாரம் நான் தோற்றது உண்மைதான், மறைப்பானேன். அப்போது அந்த மூலையில் பாட்டில் இல்லை. முறுக்கு மீசை வைத்த ஒருவன் படம் இருந்தது. கம்பெனி முதலாளி என்று நினைத்துக்கொண்டேன். தோற்ற எரிச்சலில் சமையல்கட்டுக்குப் போவேன். உப்பு டப்பாவைச் சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் வைப்பேன், அடுப்பைக் குறைக்கச் சொல்வேன், கூட்டச் சொல்வேன். பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால் மீசைக்காரனைக் காணோம், பாட்டில் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு வெற்றிமேல் வெற்றி. முதலாளி அவமானம் தாங்காமல் ஓடிவிட்டான் என்று தெருவுக்கே சொன்னேன்.

இனிப் பின்னறை விவகாரம். கடையை மூடியபோது கடை முழுவதும் அந்த அறைக்குள் குடிவந்துவிட்டது. ஊமை ரேடியோக்கள், செவிட்டு ஸ்பீக்கர்கள், சுற்ற மறுத்துச் சத்தியாக்கிரகம் செய்யும் ஃபேன்கள். மனைவியோ நடையில் மிஷினைப் போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காலை மடக்கி வழி விட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் மொத்தச் சீருடையும் அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் துணி வெட்ட மேஜை போடும் இடம் இருக்கிறதா என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பார்களாம்.

"ஏங்க, அந்த ரேடியோ எல்லாம் இனிமே பாடவா போகுது?"

"அது பாடாது. ஆனா அதுக்குள்ள பாட்டு இருக்கு."

"எனக்குள்ள ஒரு தொழில் இருக்குங்க."

இந்த இடத்தில்தான் நான் அந்தச் சபதத்தைப் போட்டேன்.

சனிக்கிழமை காலை. கண்டக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மனைவி வழக்கத்துக்கு மாறாக எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பின்னாலேயே நின்றாள். கம்ப்யூட்டரைப் போட்டேன். மூலையில் பாட்டிலைக் காணோம். மீசைக்காரன்!

"பாத்தீங்களா! என் ஆட்டத்தைப் பாக்க முதலாளியே நேர்ல வந்துட்டான்!"

"உங்களுக்கு அவ்வளவு மரியாதைங்க," என்றாள் மனைவி.

முதல் பந்து வந்தது. வந்ததாகக் கண்டக்டர் சொன்னார், நான் பார்க்கவில்லை. இரண்டாவது பந்து வளைந்து, என் உருட்டுக்கட்டையைச் சுற்றிக்கொண்டு போனது. நேற்றுவரை நிலா பார்த்தவர்கள் இன்று பருந்தாகப் பறந்து பிடித்தார்கள். என் ஆட்கள் வீட்டை விட்டுப் புறப்படவே இல்லை. அவர்கள் ஆட்களோ மூலை மூலையாகத் தொட்டு ஓடி ஓடி, எனக்குப் பார்த்தே மூச்சு வாங்கியது. முடிவில் அவர்களுக்கு முப்பத்தொன்று, எனக்கு முட்டை. வர்ணனையாளன் அந்தப் பக்கம் திரும்பி "அபாரம்! அபாரம்!" என்றான். துரோகி.

"அண்ணே, டிக்கெட் கிழிஞ்சுது. இறங்கிடுங்க," என்றார் கண்டக்டர்.

நான் பேச்சு மாறாதவன். மதியமே பின்னறையில் இறங்கினேன். கண்டக்டர் ஒரு பக்கம் பிடிக்க, ஊமைகளையும் செவிடுகளையும் பழைய சாமான்காரன் வண்டியில் ஏற்றினேன். அதிலும் பாருங்கள், தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. "தோத்தாலும் வாக்கைக் காப்பாத்துறார் பாரு மனுஷன்" என்று எதிர்வீட்டு டெய்லர் சொன்னதை நானே என் காதால் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்தார்கள், அறையை அளந்தார்கள், சீருடை முழுவதையும் அவளிடமே ஒப்படைத்துப் போனார்கள்.

திங்கட்கிழமை பயந்துகொண்டே கம்ப்யூட்டரைப் போட்டேன். பாட்டில்! ஒரே ஆட்டத்தில் எதிரணியை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டு, பின்னறைக்கு ஓடினேன். புது மேஜைமேல் நீலத் துணி மலையாகக் கிடந்தது. அதன் பின்னால் அவள் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அடியே, சனிக்கிழமை எனக்கு ஏதோ கண் பட்டிருக்கு. இன்னைக்கு மறுபடியும் ஜெயிச்சுட்டேன்! முதலாளி ஓடிட்டான், தண்ணி பாட்டில் வந்துடுச்சு!"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அது தண்ணி பாட்டில் இல்லைங்க. நல்லாப் பாருங்க, வாயில ரப்பர் இருக்கும். குழந்தைங்க ஆடுறதுக்குப் பால் பாட்டில், பெரியவங்க ஆடுறதுக்கு மீசை. எப்படி மாத்துறதுன்னு பையன் ஃபோன்லயே சொல்லிக் குடுத்தான்."

"மாத்தினது... நீயா?"

"நீங்க சமையல்கட்டுக்கு வராம இருக்கப் பாட்டில் வெச்சேன். ரூம் காலியாகணும்னு ஒருநாள் மீசை வெச்சேன்." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "பரண்மேல இன்னும் நாலு ஃபேன் கெடக்குது. அதுக்கும் ஒரு சபதம் போடுங்களேன்."