இரண்டு இஞ்சும் இரண்டு முடிச்சும்

சோறு தின்னாமல் இளைத்தவர்கள் ஊரில் நிறைய உண்டு. சோறு தின்னாமல் தம்பி கல்யாணத்தில் மானத்தை வாங்கியவள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

எல்லாம் என் சித்தப்பா மகள் உமாவால் வந்தது. தம்பியின் நிச்சயதார்த்தத்தில் போட்டோ எடுக்கும்போது, "அக்கா, நீ கொஞ்சம் ஓரமா நில்லேன், அப்பதான் எல்லாரும் போட்டோல வருவோம்" என்றாள். (சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் எரிந்தது.) எனக்குக் கூடப் பிறந்தவன் அந்த ஒரே தம்பி. தாலியில் அவன் முதல் முடிச்சு போட்டதும், மற்ற இரண்டையும் நாத்தனாராகிய நான்தான் போட வேண்டும். முடிச்சு போடும் அந்தப் போட்டோவில் ஒல்லியாக நிற்பது என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. தேனாம்பேட்டை டாக்டரம்மா, "அளவா சாப்பிடுங்க, தினமும் நடங்க, மெதுவாதான் குறையும்" என்றார். மெதுவாகவாம்! அவருக்கென்ன, உமா மாதிரி சொந்தமா இருக்கிறது? போனில் கலோரி எண்ணும் ஆப் ஒன்றை இறக்கி, அது சொன்னதிலும் பாதியைத்தான் சாப்பிட்டேன். காலையில் திருவான்மியூர் கடற்கரையில் நடை, மாலையில் மறுபடியும் நடை. தி.நகர் டெய்லரிடம் ரவிக்கையை இரண்டு இஞ்ச் குறைத்துத் தைக்கச் சொன்னேன்.

"இன்னாக்கா, மூச்சு வுட வேணாமா? பிரிச்சு வுட உள்ளார துணியாச்சும் வெக்கிறேன்."

"வேண்டாம். பிரிக்கிற பேச்சே இல்ல." (வீரம்!)

முகூர்த்தத்தன்று விடியலில், மயிலாப்பூர் மண்டபத்து மாடிப்படியைப் பத்து முறை ஏறி இறங்கினேன். கேசரியோடு துரத்தி வந்த அம்மாவை, "தாலி கட்டி முடியட்டும்மா" என்று விரட்டினேன். ரவிக்கைக்குள் என்னை நுழைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கொக்கி மாட்டியாகிவிட்டது. கை தோளுக்கு மேல் எழவில்லை, அது வேறு விஷயம்.

கெட்டிமேளம் கொட்டியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான். மணப்பெண்ணின் பின்னால் குனிந்து மஞ்சள் கயிற்றைப் பிடித்தேன். ஹோமப் புகை, அட்சதை, காதில் ஒரே இரைச்சல். கயிறு இரண்டாகத் தெரிந்தது. பிறகு நான்காக. அப்புறம் எதுவுமே தெரியவில்லை.

விழித்தபோது மணமகள் அறையில் கிடந்தேன். ரவிக்கையை முதுகுப் பக்கம் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்கள். அம்மா சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"முடிச்சு?" என்றேன்.

"உமா போட்டுட்டாடி. நேரம் தப்பிடும்னு அய்யர் அவசரப்படுத்தினாரு." அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். இதற்காக அவனுக்கு இன்னொரு கல்யாணமா செய்து வைக்க முடியும்? பந்தியில் அழுதுகொண்டே சாப்பிட்டேன். (பாயசம் மூன்று முறை. ஆப் சிவப்பாகக் கத்தியது.)

குறைந்த எடை ஒரே மாதத்தில் துணை சேர்த்துக்கொண்டு திரும்பியது. இப்போது டாக்டரம்மா சொன்னபடி அளவாகச் சாப்பிட்டு நடக்கிறேன். மெதுவாகக் குறைகிறது. யாரும் கவனிப்பதில்லை.

கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. உமா குனிந்து முடிச்சு போடுகிறாள். தரையில் என் இரண்டு உள்ளங்கால்கள், அவள் கேட்டபடியே ஓரமாக.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் முதல் தட்டு எனக்குத்தான். "மொதல்ல அக்காவுக்குக் குடுங்கப்பா, சாஞ்சிடப் போறா" என்று தம்பி குரல் கொடுப்பான். கூடமே சிரிக்கும். தட்டைக் கொண்டு வருவது உமா. நானும் சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிடுகிறேன்.